கெலி ஏன் சாகவில்லை?



தண்ணீருக்குள் காற்று கரைந்திருக்கிறது என்று சொன்னால், நம் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகூட, "தெரியும் சார், மீன் அதைத்தான் மூச்சு விடுது" என்று சொல்லிவிடும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் அல்லவா? ஆனால் 2016-ஆம் ஆண்டில் நான் கைப்பட எழுதிய ஒரு கடிதம், அந்தப் பாடத்தை நான் சரியாகப் படிக்கவே இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு மீன் குளம் தோண்டியிருந்தார். 60 அடி நீளம், 30 அடி அகலம், 4 அடி ஆழம். திலாப்பியாவும் லம்பாமுமாக 800 குஞ்சுகள் விட்டு வளர்த்தார். மூத்த மகளுக்குப் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. தீபாவளிக்கு முன் மீனை விற்றால் அந்தப் பிள்ளையின் செலவுக்கு ஆகும் என்பது கணக்கு. அதனால் கடைசி இரண்டு மாதமும் தீனியைக் கூட்டினார். கோழி எருவும் போட்டார். தண்ணீர் பச்சைப்பசேல் என்று ஆனது. "பச்சையா இருந்தா மீனுக்குச் சத்து சார்" என்பார். அதில் உண்மையும் உண்டு.

ஒரு நாள் முழுக்க வானம் மூடிக்கிடந்தது. இரவு இலைகூட அசையவில்லை. மறுநாள் விடியுமுன், பெரட்டுக்குக் கிளம்பிய அந்த அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தால், குளத்தின் மேல் வெள்ளை வெள்ளையாக மிதக்கிறது. பெரிய மீன்கள் எல்லாம் செத்துவிட்டன. மிச்சம் இருந்தவை வாயை மேலே நீட்டிப் படபடவென்று திறந்து மூடிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தபோது முந்நூற்றுக்கு மேல் போயிருந்தது.

அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓர் ஆட்டுத் தகராறு இருந்தது. ஆடு வேலி தாண்டிக் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது என்று தொடங்கிய பேச்சு, "உன் குளம் எப்படி இருக்குதுன்னு பார்க்கிறேன்" என்ற வார்த்தை வரை வளர்ந்திருந்தது. பிறகு சொல்ல வேண்டுமா? அன்று மாலையே அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், மருந்தடிச்சுக் கொன்னுட்டான் சார். மேனேஜருக்கு ஒரு பெட்டிசன் எழுதிக் கொடுங்க."

"நேர்ல பார்த்தீங்களாண்ணே?"

"பார்க்கணுமா? அவன் சொன்ன வார்த்தையை லயமே கேட்டுச்சு."

அவர் கண்ணில் இருந்த நீரைப் பார்த்து எழுதிக்கொடுத்தேன். நல்ல மலாயில், அழுத்தமாகவே எழுதினேன். மறுநாள் ஆபீசுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மற்றவர்கள் பார்க்க விசாரித்தார்கள். அவர் இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

அந்த வாரம் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் பாடம். உயிரினங்களின் சுவாச உறுப்புகள். செவுள், நுரையீரல், தோல் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மகள்.

"சார், அந்தக் குளத்துல கெலியும் இருந்துச்சு. அது ஒன்னுகூடச் சாகலையே. ஏன் சார்?"

சாக்கடை வழியாக வந்து குளத்தில் தானாகச் சேர்ந்த நாலைந்து கெலிகளைச் சொல்கிறது. உண்மைதான், நானே பார்த்தேன், அவை நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. பதில் பலகையிலேயே பாதி இருந்தது. கெலிக்குச் செவுளுக்கு மேலே, கிளை விட்ட செடிபோல ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து வாயால் காற்றைக் குடித்து அதனால் சுவாசிக்கும். தண்ணீரில் பிராணவாயு இல்லாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். விஷம் என்றால் கெலிக்கு மட்டும் விலக்குக் கொடுக்குமா? சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று தொடங்கித்தான் இந்தப் பாடத்தை உண்மையில் படித்தேன். நான் படித்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கூட்டம் நெரிகிறது. வாசல் வழியே ஆட்கள் உள்ளே போகிறார்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியே வருகிறார்கள். முதலில் போகிறவர் அதிகம், வருகிறவர் குறைவு. உள்ளே கூட்டம் சேரச் சேர வெளியே வருகிறவர்களும் கூடுகிறார்கள். ஒரு நேரத்தில் நிமிடத்துக்கு 20 பேர் போனால் 20 பேர் வருகிறார்கள். இப்போது கோயிலுக்குள் கூட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் யாரும் சும்மா நிற்கவும் இல்லை. இதைத்தான் சமநிலை என்கிறோம். காற்று என்பது வெளியே நிற்கும் கூட்டம். தண்ணீர் என்பது கோயில். தண்ணீரின் மேல்பரப்புதான் வாசல்.

வெளியே கூட்டம் இரண்டு மடங்கானால் உள்ளேயும் இரண்டு மடங்கு ஆகும் வரை ஆட்கள் புகுவார்கள். காற்றுக்கும் இதே கணக்குத்தான். தண்ணீரின் மேல் ஒரு வாயுவின் அழுத்தம் எத்தனை மடங்கோ, கரையும் அளவும் அத்தனை மடங்கு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து வில்லியம் ஹென்றி என்பவர் 1803-இல் இதை அளந்து சொன்னார். இன்றும் ஹென்றி விதி என்றே பெயர்.

விதி என்றதும் பயப்பட வேண்டாம். தீபாவளிக்கு நாம் வாங்கும் ஆரஞ்சு போத்தலில் இருப்பதும் அதுதான். சிங்கப்பூரில் 1883-இல் பிரேசர், நீவ் என்ற இருவர் தொடங்கிய சோடாக் கம்பெனிதான் நாம் இன்று எஃப் அண்ட் என் என்று சொல்வது. தொழிற்சாலையில் கரியமில வாயுவைப் பல மடங்கு அழுத்தத்தில் தண்ணீருக்குள் ஏற்றி மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கும் வரை போத்தலுக்குள் சமநிலை. ஒரு குமிழிகூட எழாது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று மேலே இருந்த அழுத்தம் போய்விடுகிறது. வெளியே கூட்டம் கலைந்துவிட்டது. உள்ளே இருப்பவர்கள் முண்டியடித்து வெளியே வருகிறார்கள். வெயிலில் வைத்த போத்தல் என்றால் சட்டையெல்லாம் ஆரஞ்சு. சூடான தண்ணீரில் வாயு தங்காது என்பது அடுத்த பாடம். அதைத் தீபாவளிச் சட்டையில் கற்றுக்கொள்ளாத பிள்ளை நம்மில் யார்?

அடுப்பில் தண்ணீர் வைக்கும்போது கவனியுங்கள். கொதிப்பதற்கு வெகுநேரம் முன்பே பானையின் உட்புறம் சிறு சிறு முத்துகளாகக் குமிழி ஒட்டும். அது ஆவி அல்ல, கரைந்திருந்த காற்று. இதனால்தான் ஆறவைத்த கொதிநீரை உடனே மீன் தொட்டியில் ஊற்றக்கூடாது. நானும் சிறுவனாக இருந்தபோது சாக்கடையில் பிடித்த லோங்காங் மீனைப் போத்தலில் அடைத்து, மறுநாள் அழுதிருக்கிறேன். அதே போத்தலில் சண்டை மீன் மட்டும் மாதக்கணக்கில் இருக்கும். அதுவும் கெலியைப்போல் மேலே வந்து காற்றுக் குடிக்கும் சாதி. கண் முன்னால் இருந்த பாடம், முப்பது ஆண்டாக எனக்கு உறைக்கவில்லை.

இனி அளவுக்கு வருவோம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. அதே காற்றோடு சமநிலை அடைந்த ஒரு லிட்டர் தண்ணீரில், 30 டிகிரி வெப்பத்தில், எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏழரை மில்லிகிராம். அவ்வளவுதான். நாம் மூச்சு விடும் காற்றில் இருப்பதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கை வைத்துத்தான் மீன் குடும்பம் நடத்துகிறது! பனிபோல் குளிர்ந்த தண்ணீர் என்றால் பதினான்கரை மில்லிகிராம் வரை தாங்கும். கேமரன் மலைத் தண்ணீர் நம்முடையதைவிடக் குளிர்ச்சி, ஆகவே கூடுதலாகத் தாங்கவேண்டும். ஆனால் அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. குளிர் கொடுத்ததில் பெரும்பகுதியை மலை உயரம் பிடுங்கிக்கொள்கிறது.

மீனுக்கு ஒரு சலுகையும் உண்டு. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு, மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். தண்ணீரில் கரைந்த காற்றிலோ பிராணவாயு மூன்றில் ஒரு பங்கு. நைட்ரஜனைவிட அது இரண்டு மடங்கு எளிதாகக் கரைவதே காரணம். ஒவ்வொரு வாயுவும் மற்றதைப் பார்க்காமல் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்கிறது.

அண்ணனின் குளத்துக்கு வருவோம். பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். முழுச் சமநிலையில் இருந்தாலும் குளம் முழுக்கச் சேர்த்து ஒன்றரைக் கிலோ பிராணவாயுதான்! குளத்துக்கு மேலே, ஒரே ஓர் அடி உயரத்துக்குள் இருக்கும் காற்றில் 13 கிலோவுக்கு மேல் இருக்கிறது. வாசலுக்கு வெளியே மலைபோல் குவிந்திருக்க, உள்ளே ஏன் பஞ்சம்?

வாசல் சின்னது, கோயில் ஆழமானது. அதுதான் சங்கதி. மேல்பரப்பில் கரைந்த பிராணவாயு அசையாத தண்ணீரில் தானாக ஒரு மீட்டர் கீழே இறங்க ஆண்டுக்கணக்கு ஆகும். காற்றடித்து அலை எழுந்தால், மழை கொட்டினால், தண்ணீர் விழுந்து புரண்டால் சீக்கிரம் இறங்கும். அந்த இரவில் இலைகூட அசையவில்லை என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா?

குளத்துப் பச்சைக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியாத பாசி. பகலில் வெயில் பட்டால் பாசி பிராணவாயு செய்யும். அளவுக்கு மேலும் செய்யும். அப்போது குளம் திறந்த ஆரஞ்சு போத்தல் மாதிரி. கூடுதல் வாயு மெல்ல மெல்ல வெளியே போய்க்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் பாசியும் நம்மைப்போல் பிராணவாயுவை வாங்கிக் கரியமில வாயுவை விடத் தொடங்கும். மீனும் மூச்சு விடும். அடியில் அழுகும் மிச்சத் தீனியும் கோழி எருவும் பிராணவாயு தின்னும். பாசியும் சேறும் சேர்ந்து தின்பது பெரும்பாலும் மீன் தின்பதைவிட அதிகம். மேலே இருந்து காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் செலவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கணக்கு நேராகுமுன் விடியற்காலை வந்துவிடுகிறது. நம் நாட்டில் சூரியன் எழ 7 மணி ஆகிறது. பெரட்டுக்குப் போகும் நேரம்தான் குளத்தில் பிராணவாயு மிகக் குறைந்த நேரம். முதல் நாளும் மூட்டமாக இருந்தால் பகல் வரவே குறைவு. பெரிய மீன் முதலில் சாவதும், சின்னக் குஞ்சுகள் தண்ணீர் விளிம்பில் தப்பிப்பதும் இதற்கு வழக்கமான அடையாளங்கள்.

இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. ஆனால் ஒருவர்மேல் பழி எழுதியவனுக்குப் புத்தகம் போதாது. பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் இருந்த நண்பரிடம் பிராணவாயு அளக்கும் கருவியை ஒரு நாள் இரவல் வாங்கினேன். அண்ணனையும் உட்காரவைத்து இரவு முழுவதும் குளக்கரையில் இருந்தேன். கொசு எங்கள் இருவரையும் தின்று தீர்த்தது. மாலை 4 மணிக்கு 13 மில்லிகிராம். நள்ளிரவில் 4. காலை 6 மணிக்கு 1. அன்று வெயில் அடித்த நாள். மீனும் பாதிதான் மிச்சம். அப்படியும் இந்த நிலை. 3-க்குக் கீழே இறங்கினாலே பல மீன்கள் திணறத் தொடங்கிவிடும். அண்ணன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ, யாரும் மருந்தடிக்கலையா சார்?"

"இல்லைண்ணே."

"நான்தானா?"

தீனியைக் கூட்டியது அவர். பழியை எழுதியது நான். அன்றே மேனேஜருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தைவிட அதை எழுத எனக்கு அதிக நேரம் ஆனது. அதன் நகலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

ஆற்றில் மீன் மிதந்தால் உடனே யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்றுதான் நாமும் சொல்கிறோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் விஷமே கலக்காத கழிவும் மீனைக் கொல்லும். செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வரும் பழுப்புக் கழிவில் விஷம் என்று ஒன்றும் இல்லை. பழச்சக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். அது ஆற்றில் கலந்து மக்கும்போது, ஒரு லிட்டர் கழிவு சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைத் தின்னும். ஆற்றுத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏழரை என்றால், ஒரு லிட்டர் கழிவு 3,300 லிட்டர் ஆற்றின் மூச்சைக் குடித்துவிடும்! இதனால்தான் 1977-இல் அரசாங்கம் எண்ணெய் ஆலைகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 1978-இல் 5,000 என்று தொடங்கிய வரம்பு, ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 1984-இல் 100 ஆனது. ஆலைக்குப் பின்னால் வரிசையாக நாற்றமடிக்கும் குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீனியை ஆற்றுக்கு விடாமல் அங்கேயே தின்று தீர்க்கத்தான் அவை. நாற்றத்தை நானும் திட்டியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் மரியாதை.

வீட்டுப் பின்புறம் குளம் வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். மூட்டமான நாளில் மாலைத் தீனியை நிறுத்திவிடுங்கள். ஒரு வேளைப் பட்டினியால் மீன் சாகாது. குளத்தில் கையை முழங்கை வரை விட்டால் உள்ளங்கை தெரியவில்லை என்றால் பச்சை மிஞ்சிவிட்டது. எருவை நிறுத்துங்கள், கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். விடியலில் மீன் வாய் நீட்டினால் தீனி கேட்கிறது என்று எண்ணித் தீனி போடாதீர்கள். அது கேட்பது காற்று. அந்த நேரத்தில் மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரையே எடுத்து, மேலே இருந்து சிதறி விழும்படி விடுங்கள். சிதறும் ஒவ்வொரு துளியும் ஒரு புது வாசல். கடலோர இறால் குளங்களில் துடுப்புச் சக்கரம் சுழல்வதும் இதற்குத்தான், அழகுக்கு அல்ல.

அந்த அண்ணனும் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி, பிவிசி குழாயில் வரிசையாக ஓட்டை போட்டுக் குளத்தின் குறுக்கே கட்டினார். நள்ளிரவில் ஓடத் தொடங்கினால் விடியும் வரை சளசளவென்று சத்தம். மகள் கொஞ்சம் கடன் வாங்கிப் படித்தாள். அடுத்த தீபாவளி மீனில் பாதிக் கடன் அடைந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறைச் சன்னல் அந்தக் குளத்துப் பக்கம்தான் இருக்கிறது. சத்தத்தைப் பற்றி அவர் யாரிடமும் புகார் சொன்னதில்லை. ஆட்டுத் தகராறு முழுதாகத் தீர்ந்ததா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மழைக்கால இரவு, 3 மணி இருக்கும், கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது. அண்ணன் நல்ல தூக்கம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்து பார்த்தால், கையில் டார்ச்சும் இரண்டு வாளியுமாகப் பக்கத்து வீட்டுக்காரர்.

"அண்ணே, சத்தம் நின்னு போச்சு. மீனைப் பாருங்க."

விடியும் வரை இருவரும் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் வகுப்பில் அந்தப் பெண் பிள்ளையின் தம்பிதான் எனக்குச் சொன்னான்.